ஒளியளவும் சட்டகமும்: என் மதராசி கேம்ப் படங்களை முன்வைத்து

தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்று நன்னூலார் பாயிரத்தில் விதித்திருக்கிறார். தன்னைத் தானே அளந்து பார்ப்பதை அவர் தடுத்ததாகத் தெரியவில்லை. அந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொண்டு, நான் எடுத்த ஒளிப்படங்கள் சிலவற்றை நானே விமர்சிக்கத் துணிகிறேன். கவிஞர் தம் கவிதையைப் பற்றி எழுதினால் முன்னுரை என்று ஏற்றுக்கொள்கிறோம். நாவலாசிரியர் பேசினால் படைப்பனுபவம் என்று கூட்டம் போட்டுக் கேட்கிறோம். படம் எடுப்பவன் மட்டும் படத்தை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது எப்படியோ வழக்கமாகிவிட்டது. "படமே பேசட்டும்" என்பார்கள். படம் எங்கே பேசுகிறது? அதில் எது தெரிகிறது, எது தெரியாமல் போயிற்று, அதை யார் எந்த நேரத்தில் முடிவு செய்தார் என்பதையெல்லாம் யாராவது வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

தில்லியில் ஒளிப்படக் கலை பயிலும் மாணவன் நான். இறுதியாண்டுக்காக 24 படங்கள் கொண்ட ஒரு தொகுப்பைத் தர வேண்டியிருந்தது. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் இருந்த மதராசி கேம்ப்பை அதற்குத் தேர்ந்துகொண்டேன். 2024 நவம்பர் முதல் 2025 மார்ச் வரை வாரம் ஒரு நாளாவது அங்கே போவேன். கையில் கைமாறி வந்த ஒரு பழைய நிக்கான் டி90, ஒரே ஒரு 35 மி.மீ. லென்ஸ். இவ்வளவுதான் சரக்கு.

தில்லித் தமிழர்களுக்கு அந்த இடத்தை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஜஹாங்கீர் காலத்துப் பாராபுல்லா பாலத்தை ஒட்டி, அரை நூற்றாண்டுக் காலம் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்ந்த குடியிருப்பு. பெண்களில் பலர் சுற்றுவட்டாரத்து வீடுகளில் வேலை பார்த்தவர்கள். 2025 ஜூன் 1 அன்று, தில்லி உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, வடிகாலின் நீரோட்டத்தைத் தடுக்கும் ஆக்கிரமிப்பு என்ற காரணத்தின் பேரில் அங்கிருந்த சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. 189 குடும்பங்கள் நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுடையவை என்று கணக்கிடப்பட்டன. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

அதன் நியாய அநியாயங்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். என் வேலை படங்கள். ஆனால் ஒரு இடம் இருக்கும்போது எடுத்த படமும், அந்த இடம் போன பிறகு பார்க்கப்படும் அதே படமும் ஒன்றல்ல என்பதை நான் அந்த ஜூன் மாதத்தில்தான் உணர்ந்தேன். முன்பு 'நன்றாக வந்திருக்கிறதா' என்று கேட்டுக்கொண்டிருந்த படங்களை, 'இதில் என்ன மிஞ்சியிருக்கிறது' என்று கேட்க வேண்டியதாயிற்று. இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடை வராது.

முதலில் வெளிச்சத்தின் கணக்கு. கலைச்சொல் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். எக்ஸ்போஷர் என்பதை நாம் ஒளியளவு என்று வைத்துக்கொள்வோம். லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, உள்ளே இருக்கும் உணர்வி எவ்வளவு கூர்மையானது என்ற மூன்றும் சேர்ந்தது அது. இதை ஸ்டாப் என்ற படிகளில் அளக்கிறார்கள். ஒரு படி ஏறினால் ஒளி இரட்டிப்பாகும். ஏழு படி என்றால் 128 மடங்கு. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு எதிரில் இருப்பது கரியா உப்பா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக, ஏறக்குறைய 18 விழுக்காடு ஒளியைத் திருப்பியனுப்பும் பொருளாக எண்ணிக்கொண்டு கணக்குப் போடும். கரியும் சாம்பலாக வரும், உப்பும் சாம்பலாக வரும். பாவம், அதன் உலகத்தில் எல்லாமே சாம்பல்.

கேம்ப்பின் சந்துகளில் எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் தகரமும் செங்கலும். தலைக்கு மேலே மின்கம்பிகளுக்கு நடுவே ஒரு கீற்று வானம். காலை பதினொரு மணிக்கு அந்தக் கீற்றுக்கும், வெயில் நேரே விழும் கூரைத் தகரத்துக்கும் எஃப்/4 துளையில், ஐஎஸ்ஓ 200-ல், நொடியில் 4000-ல் ஒரு பங்கு போதுமானதாக இருந்தது. கீழே வாசற்படியில் உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு அதே துளையில் 30-ல் ஒரு பங்கு தேவைப்பட்டது. அதாவது கூரைக்கும் முகத்துக்கும் நடுவே ஏழு படி. நம் கண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சமாளித்துக்கொள்ளும். கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, அதுவும் என்னுடைய பழைய கேமராவுக்கு.

ஒரே வாசலை மூன்று ஒளியளவில் எடுத்திருக்கிறேன். வாசற்படியில் ஒரு பாட்டி முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் சந்து நீண்டு போகிறது. சந்துக்கு மேலே கூரைகள், ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, எல்லாவற்றுக்கும் மேலே பாராபுல்லா மேம்பாலத்தின் அடிவயிறு.

முதல் படம் வானத்துக்காக எடுத்தது. வானம் நல்ல நீலம். கூரைத் தகரத்தின் மடிப்பு ஒவ்வொன்றும் எண்ணலாம். மேம்பாலம் கனமாக, கறாராக நிற்கிறது. பாட்டி கறுப்பு உருவம் மட்டும்; தோளின் மேல் ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு. சும்மா சொல்லக்கூடாது, அழகான படம்தான். வகுப்பில் எங்கள் ஆசிரியருக்கு இதுதான் பிடித்தது. "டிராமா இருக்கு" என்றார். எனக்கு அந்த டிராமாதான் உறுத்துகிறது. முகம் இல்லாத ஒரு உருவம், மேலே அழுத்தும் பாலம். பார்ப்பவர் உடனே 'ஏழ்மை' என்று தலைப்புப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். அந்த உருவத்தின் இடத்தில் யாரை உட்கார வைத்தாலும் படம் மாறாது. ஒரு மனிதரை எடுத்த படத்தில் அவரைத் தூக்கிவிட்டு வேறு ஒருவரை வைத்தாலும் வித்தியாசம் தெரியாது என்றால், அது அவருடைய படம் இல்லை.

மூன்றாவது படம் முகத்துக்காக எடுத்தது. (இரண்டாவதைப் பற்றி நான்கே வார்த்தை: ஒளிமானியின் பேச்சைக் கேட்டது. முகமும் இல்லை, வானமும் இல்லை. விட்டுவிடலாம்.) மூன்றாவதில் பாட்டி வந்துவிட்டார். கண்ணாடியின் ஒரு பக்கக் கயிறு தெரிகிறது. மூக்குத்தியின் கல் தெரிகிறது. முறத்தில் ஒதுக்கிவைத்த நாலைந்து கற்கள்கூடத் தனியாகத் தெரிகின்றன. படம் எடுப்பவனைக் கண்டுகொள்ளாமல் வேலையில் இருக்கும் அந்த அலட்சியம் உதட்டில் இருக்கிறது. ஆனால் மேலே? வெள்ளை. வெறும் வெள்ளைக் காகிதம். கூரையின் விளிம்பை வெளிச்சம் அரித்துத் தின்றுவிட்டது. தண்ணீர்த் தொட்டியில் பாதி இல்லை. மேம்பாலம் அடையாளமே இல்லாமல் கரைந்துவிட்டது. டிஜிட்டலில் நிழலுக்குள் புதைந்ததை ஓரளவு தோண்டி எடுக்கலாம். வெளுத்துப்போனதை மீட்க வழியே இல்லை. அங்கே தகவல் என்று எதுவும் பதிவாகவே இல்லை.

மூன்றையும் ஒன்றாக ஒட்டி வானத்தையும் முகத்தையும் ஒருசேரக் காட்டும் மென்பொருள் வித்தை ஒன்று உண்டே என்று சிலர் கேட்கக்கூடும். செய்து பார்த்தேன். காலண்டர் படம் போல வந்தது. நிழலே இல்லாத சந்து ஒன்று உலகத்தில் இருக்கிறதா? அந்த இடத்தின் முதல் உண்மையே அங்கு வெளிச்சம் போதாது என்பதுதான். பகலிலும் விளக்குப் போட்டுச் சமைத்தவர்கள் அவர்கள்.

வானத்தோடு மல்லுக்கட்டுவது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற இராணுவ அதிகாரி, சென்னை அரசின் ஒளிப்படக்காரராக மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தார். மெழுகு ஏற்றிய காகிதமே அவருக்கு நெகட்டிவ். அக்காலத்து ரசாயனம் நீல நிறத்துக்கு அளவுக்கு மீறி உருகும் தன்மையுடையது. ஆகவே கோபுரம் சரியாக வந்தால் வானம் வெளுத்துவிடும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவ்மேல் கையால் மேகம் வரைந்தார். மதுரை வானத்தில் மிதக்கும் அந்த மேகங்கள் சில அவருடைய தூரிகையில் பிறந்தவை. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோபுரமா வானமா என்ற கேள்வியில் அவர் கோபுரத்தைத் தேர்ந்தெடுத்தார். விட்டுப்போனதைக் கையால் ஈடுகட்டினார். ஆனால் மேகத்தை வரைந்துவிடலாம், மேம்பாலத்தை நான் வரைய முடியாது. வரைந்தால் படம் சாட்சி என்ற தகுதியை இழந்துவிடும்.

ட்ரைப்பிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு ஒன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டை அவர் 21 துண்டுகளாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். ஒரே சட்டகத்தில் அடங்காததை நகர்ந்து நகர்ந்து படிப்பது போல. என் 35 மி.மீ. லென்ஸ் அந்தச் சந்தில் இரண்டு கதவுக்கு மேல் காட்டாது. பின்னால் நகர்ந்தால் எதிர்வீட்டுச் சமையலறைக்குள் போய்விடுவேன். அதனால் ஒரு வரிசையை மட்டும் கதவு கதவாக ஒன்பது படமாக எடுத்து, பக்கவாட்டில் அடுக்கியிருக்கிறேன். கதவுகளில் பெயின்டில் எழுதிய எண்கள், நிலையில் காய்ந்த மாவிலை, ஒரு கதவில் முருகன், அடுத்ததில் மாதா, வாசலில் தேய்ந்த கோலம். ஒளியளவை ஒன்பதுக்கும் மாற்றாமல் ஒரே அளவில் பூட்டி வைத்தேன். எந்தக் கதவுக்கு வெளிச்சம் வருகிறது, எதற்கு வரவில்லை என்ற வேற்றுமை அதில் தானாகவே வந்துவிட்டது. தொகுப்பிலேயே கர்வமில்லாத படம் அதுதான். இப்போது பார்க்கும்போது, அதிகம் தாங்குவதும் அதுதான் என்று தோன்றுகிறது.

வண்ணமா கறுப்பு வெள்ளையா என்ற வழக்கும் இருந்தது. இப்படிப்பட்ட இடங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கனம் கூடும் என்பது வகுப்பறை வேதம். வாசலில் வரிசையாக இருந்த பிளாஸ்டிக் குடங்களைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தேன். ஆரஞ்சுக் குடமும் பச்சைக் குடமும் ஒரே சாம்பலாகிவிட்டன. தண்ணீர் லாரி வந்து நிற்கும்போது யார் குடம் எது என்று அவர்கள் கண்டுபிடிப்பதே நிறத்தை வைத்துத்தான்! இந்தியாவை வண்ணத்திலேயே எடுத்துக் காட்டிய ரகுபீர் சிங்கின் (1942–1999) படங்களை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அம்பாசடர் காரின் கதவையும் கண்ணாடியையும் வைத்தே சட்டகத்தைப் பல அறைகளாகப் பிரித்து, மூலைக்கு மூலை ஆட்களை நிரப்பியவர் அவர். நடுவில் ஒன்றை வைத்துச் சுற்றிலும் காலியிடம் விடும் இலக்கணம் நம் தெருக்களுக்குப் பொருந்தாது என்பதை அவர் படங்களிலிருந்துதான் புரிந்துகொண்டேன். கதவு நிலையைச் சட்டகத்தின் நடுவில் நிறுத்தி, ஒரு பாதியில் உள்ளே அடுப்பும் மறுபாதியில் வெளியே பள்ளிப் பையோடு ஒரு பையனும் இருக்கும் என் படம் அவர் வழியில் போக முயன்றது. முழுதாகக் கைகூடியது என்று சொல்லமாட்டேன். இடப்பாதி நெரிசலாகவும் வலப்பாதி சோம்பலாகவும் இருக்கிறது.

பொங்கல் படங்கள் நாலைந்து இருக்கின்றன. கரும்பு, பானை, புகை, சிரிப்பு. யார் போயிருந்தாலும் அதே படம்தான் கிடைத்திருக்கும். மூடுபனிப் படங்களும் அப்படித்தான். ஜனவரித் தில்லியில் ஒரு படி ஒளியைக் கூட்டி வைத்தால் பனி பனியாக வரும், வைக்காவிட்டால் ஈயமாக வரும், அவ்வளவே. நிழற்படம், ஒளிப்படம் என்ற நல்ல சொற்கள் இருக்கும்போது புகைப்படம் என்று ஏன் சொல்கிறோம் என்று தமிழாசிரியர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். தில்லிக் குளிர்காலத்தில் ஒரு வாரம் படம் எடுத்தால் அந்தச் சொல்லின் பொருத்தம் விளங்கிவிடும்.

இனி நிறத்தைப் பற்றி. இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம்மவர்களின் முகம் கறுப்பு. அங்கே சுவர்கள் பெரும்பாலும் வெளிறிய நீலச் சுண்ணாம்பு. வெளிர்ச் சுவருக்கு முன்னால் கறுத்த முகத்தை நிறுத்தினால் ஒளிமானி சுவரைச் சாம்பலாக்கப் பார்க்கும். முகம் மேலும் இருண்டு, கண்ணும் பல்லும் மட்டும் மிஞ்சும். இது வெறும் இயந்திரத்தின் குறும்பு அல்ல. வண்ணப் படச்சுருள் காலத்தில் கோடாக் நிறுவனம் அச்சுக் கூடங்களுக்கு அனுப்பிய சோதனை அட்டைகளில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் இருந்தது. 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அந்த முகம் சரியாக வந்தால் அச்சு சரி. பல நிறத்தவரையும் கொண்ட அட்டைகள் 1990களில்தான் வந்தன. ஆன்சல் ஆடம்ஸ் வகுத்த மண்டல முறையிலும் வெள்ளையர் தோல் ஆறாம் மண்டலம். கறுத்த தோல் அதற்கு ஒரு படி கீழே, ஐந்தாம் மண்டலம். அந்த ஒரு படியைக் கீழே விடுவதா, மேலே ஏற்றிவிடுவதா என்பதில் இருக்கிறது நம்மூர் ஸ்டூடியோக்களின் தொழில் ரகசியம். கல்யாண ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். மணப்பெண்ணை இரண்டு படி ஏற்றியிருப்பார்கள். கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம்.

கேம்ப்பில் ஒரு கல்லூரி மாணவியைப் படமெடுத்தபோது, "அண்ணா, கொஞ்சம் கலரா காட்டுங்களேன்" என்றாள். கலராக என்றால் வெள்ளையாக. அவளுக்கு உபதேசம் செய்ய நான் யார்? சுவரை மறந்துவிட்டு, கன்னத்தில் விழும் ஒளியை மட்டும் அளந்து, அது தன் இயல்பான இடத்தில் நிற்கும்படி வைத்தேன். சுவர் கொஞ்சம் வெளுத்தது, வெளுக்கட்டும். கறுத்த தோலுக்கு ஒரு குணம் உண்டு. அது ஒளியைப் பரப்பாது, ஏந்திக் காட்டும். நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் கன்ன மேட்டிலும் சின்னச் சின்ன ஒளித்துண்டுகள் நிற்கும். அவற்றுக்கு இடம் விட்டால்தான் முகத்துக்கு உருவம் கிடைக்கும். ஏற்றிவிட்டால் முகம் அப்பளம் போலத் தட்டையாகிவிடும். கேமராத் திரையில் படத்தைக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "நானா இது?" என்றாள். அது பாராட்டா குறையா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமில்லை. பிறகு அச்சுப் போடும் கடையில் இயந்திரத்தின் தானியங்கித் திருத்தத்தை அணைக்கச் சொல்லி நின்றேன். "டார்க் ஆ ஜாயேகா, பையா" என்று கடைக்காரர் இரண்டு தடவை எச்சரித்தார். வரட்டும் என்றேன். முகப்படங்கள் ஆறும் அப்படித்தான் அச்சாயின. அவற்றைப் பற்றி எனக்கு மனக்குறை ஏதும் இல்லை.

பாட்டியின் வாசலுக்குத் திரும்புகிறேன். மூன்று ஒளியளவுகளுக்கு அப்பால் நாலாவது படம் ஒன்றும் எடுத்தேன். முழங்காலிட்டு, கேமராவைத் தாழ்த்தி, வானத்தையே சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டேன். வெளுத்த பட்டை போயிற்று. கண் எப்போதும் படத்தில் மிகப் பிரகாசமான இடத்துக்குத்தான் முதலில் ஓடும். இப்போது அந்த இடம் முறத்து அரிசி. அங்கிருந்து விரல், விரலிலிருந்து முகம். கதவு நிலை இரண்டு பக்கமும் அணை கட்டியது போல் நிற்கிறது. ஒளியளவுச் சிக்கல் ஒன்று சட்டகத்தால் தீர்ந்தது. பாடப்புத்தகக் கணக்கில் நாலும் சேர்ந்ததில் இதுதான் ஆகச் சிறந்த படம், நானும் தொகுப்பில் இதைத்தான் வைத்தேன்.

ஆனால் ஜூனுக்குப் பிறகு பார்க்கும்போது, இந்த அமைதியான, ஒழுங்கான படம் எந்த ஊரில் எடுத்தது என்று கேட்டால் சொல்ல அதில் ஒன்றுமில்லை. திண்டிவனத்துப் பக்கம் ஒரு கிராமம் என்றாலும் நம்புவார்கள். வடிகால் இல்லை, பாலம் இல்லை, கம்பி இல்லை. ஒரு முகத்தைக் காப்பாற்ற வேண்டி அந்த முகம் இருந்த தில்லியை வெளியே வைத்த படம் அது. வெளியே வைத்தது இப்போது வெளியிலும் இல்லை.

படங்களின் பிரதிகளை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் கழித்து நரேலாவுக்குப் போனேன். நகரத்தின் அந்தக் கோடிக்கும் ஜங்புராவுக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர். பாட்டியிடம் நாலாவது படத்தைக் கொடுத்தேன். தள்ளிவைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். "நான் இருக்கேன், சரி. வூடு எங்க தம்பி?" என்றார். மற்றவற்றையும் எடுத்துப் போட்டேன். அவர் கை போனது முதல் படத்துக்கு. முகமே தெரியாத அந்தப் படத்துக்கு. "இதுல கூரை இருக்கு பாரு. அந்தத் தொட்டி எங்களுது. என் மவன் வாங்கிப் போட்டது" என்று மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினார். தன் முகம் அதில் இல்லாதது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. தன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்தானே.

முதல் படத்தைப் பற்றி மேலே எழுதியதில் ஒரு வரியையும் நான் மாற்றவில்லை. அந்நியர் பார்வைக்கு அது இன்னமும் ஒரு உருவமும் ஒரு தலைப்பும்தான். ஆனால் தொகுப்பின் அடுக்கை மாற்றியிருக்கிறேன். வானத்துக்காக எடுத்ததும் முகத்துக்காக எடுத்ததும் இப்போது எதிரெதிர்ப் பக்கங்களில், ஒரே அளவில், எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலமாக இருக்கின்றன. நடுவில் மடிப்பு. ஒன்றில் வெளுத்துப்போன கூரை மற்றொன்றில் இருக்கிறது. ஒன்றில் இருண்டுபோன கண் மற்றொன்றில் இருக்கிறது. பார்ப்பவர் இரண்டுக்கும் நடுவே கண்ணை ஓட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். நாலாவது படம் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது, கதவு வரிசைக்கு அடுத்து.